சொல்யூஷன் போதையில் குத்திவிட்டான்: சட்டம் எதைப் பார்க்கும்?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். என் தம்பி பத்தாவது முடித்த கையோடு டூவீலர் மெக்கானிக் வேலைக்குப் போனான். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைக் கவரில் பிழிந்து இழுக்கும் பழக்கம் அங்கே வந்தது. இரண்டு வருடமாக விட முடியவில்லை. போன மாதம் ஒரு ராத்திரி இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவனை, கூட்டாளி ஒருவன் நாலு பேர் முன்னால் “டேய் சொல்யூஷன்” என்று கூப்பிட்டுக் கேலி செய்திருக்கிறான். இவன் ஒர்க்‌ஷாப்புக்குள் போய்த் திருப்புளியை எடுத்து வந்து அவன் வயிற்றில் குத்திவிட்டான். அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். தம்பி வீட்டுக்கு ஓடி வந்து சட்டையை வாளியில் ஊறப்போட்டுவிட்டுப் படுத்துவிட்டான். காலையில் போலீஸ் கூட்டிப்போனபோது, “எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லக்கா” என்று அழுதான். கொலை முயற்சி வழக்கு; ரிமாண்டில் இருக்கிறான். சுயநினைவில்லாமல் செய்ததால் கேஸ் நிற்காது என்கிறார் ஒருவர். போதை மருந்து கேஸும் சேரும் என்கிறார் இன்னொருவர். குத்துப்பட்டவன்தான் முதலில் பழக்கிவிட்டான், அதனால் அவனே கொடுத்தான் என்று சொல்லலாம் என்றும் யோசனை சொல்கிறார்கள். இன்னொன்று: ஆதார்படி அன்றைக்கு அவனுக்கு 18 வயது 4 மாதம். பத்தாவது மார்க் ஷீட்டில் ஏழு மாதம் தள்ளிப் பிறந்ததாக இருக்கிறது. அதையும் போலீஸ் ஒரு பிரச்சினையாக்குவார்களோ?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போதையில் செய்தான், அதனால் பொறுப்பில்லை என்ற வாதம் உங்கள் தம்பியைக் காப்பாற்றாது. அதை நம்பி நாட்களை விட்டுவிடாதீர்கள். ஆனால் கடிதத்தின் கடைசியில் பயந்து பயந்து எழுதியிருக்கிறீர்களே, மார்க் ஷீட் தேதி, அது இந்த வழக்கையே மாற்றிவிடக்கூடும். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்ட போதை.

போதையில் செய்த குற்றத்துக்குப் பொறுப்பு உண்டா என்பதைப் பற்றி நம் குற்றவியல் சட்டத்தில் பேசுபவை இரண்டே பிரிவுகள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 85, 86 என்று இருந்தவை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 23, 24. எண்தான் மாறியது, சாரம் மாறவில்லை. இந்த இரண்டிலும் சாராயம் என்றோ கஞ்சா என்றோ சொல்யூஷன் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. எதனால் போதை வந்தது என்று சட்டம் கேட்பதில்லை. எப்படி உள்ளே போனது என்று கேட்கிறது. ஒருவனுக்குத் தெரியாமலோ, அவன் விருப்பத்துக்கு மாறாகவோ போதைப் பொருள் கொடுக்கப்பட்டு, அதனால் தான் செய்வது இன்னது, அது தவறு என்றே அறிய முடியாத நிலையில் ஒரு காரியத்தைச் செய்தால் அது குற்றமல்ல. 23ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான். தானாக இழுத்தவனுக்கு அந்தப் பிரிவின் வாசல் மூடியே இருக்கிறது.

கூட்டாளி பழக்கிவிட்டான் என்பது இதில் அடங்காது. “ஒரு தடவை இழுத்துப் பாருடா” என்று தூண்டுவது வேறு, கையைக் கட்டி மூக்கில் கவரை வைத்து அழுத்துவது வேறு. இரண்டு வருடத்துக்கு முன்னால் யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதும் பயன்படாது. அன்று ராத்திரி கவரை எடுத்தது யார் கை என்பதுதான் கேள்வி. யாராவது உண்மையிலேயே வலுக்கட்டாயமாக இழுக்க வைத்திருந்தால், காயம் உண்டாக்கும் நோக்கத்தோடு மயக்கும் பொருளைக் கொடுத்ததற்காக அந்த ஆளின் மேலேயே 123ஆம் பிரிவில் பத்து வருடம் வரை தண்டனை உண்டு. குத்துப்பட்டுப் படுத்திருக்கும் ஒரு பையன் மேல் பொய்யாக அதைச் சுமத்தச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அவனும் ஒரு வீட்டுப் பிள்ளை. குறுக்கு விசாரணையில் அந்தப் பொய் ஐந்து நிமிடம் தாங்காது. அது உடைந்தால் கூடவே உங்கள் தம்பியின் உண்மைகளும் உடையும்.

ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யும்போது மூச்சில் ஏறியது என்று சொல்லலாமா என்றும் யாராவது கேட்பார்கள். காற்றோட்டமில்லாத அறையில் பசை ஒட்டும் வேலையோ பெயின்ட் வேலையோ செய்பவர் தனக்கே தெரியாமல் மயங்கினார் என்றால், அதை 23இல் வைத்து வாதாட இடம் உண்டு. உங்கள் தம்பி உட்கார்ந்திருந்தது வெளியில், கையில் கவரோடு.

இனி 24ஆம் பிரிவு. உங்கள் வழக்கு நிற்கப்போவது இங்கேதான். தானாகப் போதை ஏற்றிக்கொண்டவனுக்கும், தெளிவாக இருந்திருந்தால் என்ன அறிவு இருந்திருக்குமோ அதே அறிவு இருந்ததாகவே சட்டம் வைத்துக்கொள்ளும். திருப்புளியை வயிற்றில் இறக்கினால் உயிர் போகலாம் என்பது தெளிந்த எவனுக்கும் தெரியும். அதனால் உங்கள் தம்பிக்கும் அது தெரியும் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். ஆனால் அறிவு வேறு, நோக்கம் வேறு. இவனுக்கு இந்த நோக்கம் இருந்தது என்று சட்டம் தானாக வைத்துக்கொள்ளாது. அதை அரசுத் தரப்பு காட்ட வேண்டும். போதையின் அளவையும் சேர்த்துப் பார்த்துத்தான் கோர்ட் அதை முடிவு செய்யும்.

இந்தக் கோட்டைப் போட்டது 1956இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பாஸ்தேவ் எதிர் பெப்சு (அப்போது பஞ்சாப் பகுதியில் இருந்த ஒரு மாநிலம்) அரசு வழக்கு. பாஸ்தேவ் ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார். ஒரு கல்யாண வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். பையன் நகரவில்லை. துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டுவிட்டார். நன்றாகக் குடித்திருந்தார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கோர்ட் என்ன பார்த்தது? இடையிடையே தள்ளாடினாலும் தானாக நடந்தார். கோர்வையாகப் பேசினார். சுட்ட பிறகு தப்பி ஓடப் பார்த்தார். பிடிபட்டதும் மன்னிப்புக் கேட்டார். நோக்கமே உருவாக முடியாத அளவுக்குப் போதை ஏறியவர் இதையெல்லாம் செய்ய மாட்டார் என்று கொலைக் குற்றத்துக்கான தண்டனையை உறுதி செய்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். கேலி கேட்டு எழுந்தான். உள்ளே போனான். அங்கே கிடந்த சாமான்களில் திருப்புளியைத் தேர்ந்தெடுத்தான். வெளியே வந்து, நாலு பேர் இருந்த இடத்தில் கேலி செய்தவனையே குத்தினான். வீட்டுக்கு வழி தெரிந்து ஓடி வந்தான். சட்டையை ஊறப்போட்டான். வாளியில் ஊறிய சட்டையை நீங்கள் அப்பாவியாக எழுதியிருக்கிறீர்கள். அரசு வக்கீல் முதலில் கையில் எடுக்கப்போவது அந்தச் சட்டையைத்தான். ரத்தக் கறையை மறைக்கத் தெரிந்தவனுக்கு, தான் செய்தது தெரியாதா என்று கேட்பார். உங்கள் மனம் நோகும் என்று தெரிந்தும் சொல்கிறேன். கோர்ட்டில் முதல் தடவை கேட்பதைவிட இங்கே கேட்டுக்கொள்வது நல்லது.

“ஞாபகம் இல்லை” என்பது பொய் என்று நான் சொல்லவில்லை. இந்தப் போதையில் அப்படி நினைவு விட்டுப்போகும். ஆனால் பிறகு ஞாபகம் இல்லாமல் போவதும், அந்த நேரத்தில் புரியாமல் இருந்ததும் ஒன்றல்ல. சட்டம் பார்ப்பது குத்திய அந்த நிமிடத்து மனநிலையை. மறுநாள் காலை நினைவை அல்ல. அதனால் “ஞாபகம் இல்லைன்னே சொல்லு” என்று யாரும் அவனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். என்ன தெரியுமோ அதை அவன் தன் வக்கீலிடம் மட்டும் சொல்லட்டும். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது.

அப்படியானால் சொல்யூஷன் போதைக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, ஒரே இடத்தில். கொலை செய்யும் நோக்கம் இல்லை என்று காட்ட முடிந்தால், 109ஆம் பிரிவுக் கொலை முயற்சி கீழே இறங்கி, 118இல் சொல்லும் ஆயுதத்தால் காயப்படுத்திய குற்றமாகலாம். 109இல் காயம் பட்டிருந்தால் ஆயுள் வரை போகும். 118இல் சாதாரணக் காயத்துக்கு மூன்று வருடம் வரை. கொடுங்காயம் என்றால் குறைந்தது ஒரு வருடம், மேலே ஆயுள் வரை. ஆகவே அந்தப் பையனின் காயச் சான்றிதழில் டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்பது உங்கள் போதை வாதத்தைவிடப் பெரிய விஷயம். அதன் நகலை உங்கள் வக்கீல் முதலில் வாங்கட்டும்.

சொல்யூஷனில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாராயம் மணிக்கணக்கில் நிற்கும். ஊதச் சொன்னால் மெஷின் காட்டிக்கொடுக்கும். சொல்யூஷனிலும் தின்னரிலும் இருக்கும் டொலுயீன் போன்றவை இழுத்த சில நொடிகளில் மூளைக்கு ஏறி, பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அதனால்தான் திரும்பத் திரும்ப இழுக்கிறார்கள். ஊதும் மெஷினில் அது தெரியாது. உடம்பு டொலுயீனை ஹிப்யூரிக் அமிலமாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றும். ஆனால் பென்சோயேட் கலந்த உணவு சாப்பிட்டவருக்கும் அதே அமிலம் வரும். காலையில் பிடித்து மதியம் டாக்டரிடம் காட்டும்போது கையில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது.

இதில் நான் ஒருமுறை தோற்றிருக்கிறேன். இருபது வயதுப் பையன், இதே பழக்கம், அடிதடி வழக்கு. கைதுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் எழுதிய தாள் என் முன்னால் இருந்தது. மூன்றே வரி: சுவாசத்தில் மது வாசனை இல்லை. சுயநினைவுடன் இருக்கிறார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார். அரசு வக்கீல் அந்த மூன்று வரியையும் நிறுத்தி நிதானமாகப் படித்துவிட்டு உட்கார்ந்தார். பையனின் உதட்டைச் சுற்றியும் மூக்குக்குக் கீழும் சிவந்து வெடித்த தடிப்பு வளையம்போல இருந்தது. தினமும் கவரை வைத்து அழுத்துகிறவர்களுக்கு வருகிற புண் அது. விரல் இடுக்கில் காய்ந்த பசை. டாக்டரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை, அவரும் எழுதவில்லை. ஆறு மாதம் கழித்து நான் சொன்னபோது அது வெறும் வாய்ப்பேச்சு.

கைதானவரை டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு சொல்கிறது. அந்தத் தாளின் நகலை வாங்குங்கள். அதில் ஒன்றும் இல்லாவிட்டாலும், இரண்டு வருடப் பழக்கத்தின் தடயம் உடம்பில் இன்னும் இருக்கும். சிறை மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யச் சொல்லி உங்கள் வக்கீல் மனுப் போடட்டும். டொலுயீன் வருடக்கணக்கில் மூளையின் வெள்ளைப் பகுதியை அரிக்கும். நடை தள்ளாடும், ஞாபகமும் நிதானமும் கெடும். அப்படி நிலையான மூளைக் கேடு இருந்து, அதனால் அன்று செய்தது புரியாமல் போயிருந்தால், அது போதையைத் தாண்டி மனநலக் குறைவு பற்றிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவுக்குள் வரும். அதை நிரூபிக்கும் பொறுப்பு நம் பக்கம், மிகக் கடினம். உங்கள் தம்பி விஷயத்தில் அதில் நான் பெரிய நம்பிக்கை வைக்கவில்லை. ஆனாலும் பரிசோதனை வேண்டும், அவன் உடம்புக்காக.

அடிமையாகிவிட்டவன் விருப்பப்பட்டா இழுக்கிறான் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் இது பல வருடமாக உறுத்துகிறது. பதினாறு வயதில் மாட்டிக்கொண்ட பிள்ளை, கை நடுங்க அடுத்த ட்யூபைத் தேடும்போது அதைச் சுயவிருப்பம் என்று சொல்ல என் நாக்கு வரவில்லை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அடிமைத்தனம் தண்டனையின் அளவைப் பேசும்போது எடுபடும். குற்றமா இல்லையா என்ற இடத்தில் எடுபடாது.

கேலி விஷயத்தில் மட்டும் ஒரு நூல் இருக்கிறது. இங்கிலாந்தில் மோர்ஹால் என்பவர் பசை இழுக்கும் பழக்கத்துக்கு அடிமை. அந்தப் பழக்கத்தைச் சொல்லியே ஒருவர் குத்திக் காட்டப் போய், சண்டையாகி, அவரைக் கொன்றுவிட்டார். 1995இல், அப்போது அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்னது இது: இழுத்து மயங்கியிருந்ததைக் கணக்கில் எடுக்க முடியாது, ஆனால் கேலி எந்தக் குறையைக் குறிவைத்ததோ அந்த அடிமைத்தனத்தைக் கணக்கில் எடுக்கலாம். கொலை என்ற தீர்ப்பு கொலையாகாத மரணமாக மாறியது. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. நம் சட்டத்தில் கடுமையான, திடீரென்று வந்த ஆத்திரமூட்டல் இருந்தால் குற்றம் குறையும். ஒரு பட்டப்பெயர் அந்த அளவுக்கு வருமா? உள்ளே போய் ஆயுதம் எடுத்து வரும் நேரத்தில் சூடு ஆறியிருக்காதா? இரண்டும் நமக்கு எதிரான கேள்விகள். இருந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லி எத்தனை நாளாகக் கூப்பிட்டார்கள், அன்று சரியாக என்ன சொன்னார்கள் என்பதை எழுதி வையுங்கள்.

போதை மருந்து கேஸ் பயம் வேண்டாம். 1985ஆம் வருட போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பட்டியலில் உள்ள பொருள்களுக்கு மட்டும்தான். சொல்யூஷன் பட்டியலில் இல்லை. இழுத்ததற்காகவோ வைத்திருந்ததற்காகவோ அந்தச் சட்டத்தில் வழக்கு வராது. பொது இடத்தில் போதையில் தொந்தரவு செய்தால் நியாய சன்ஹிதாவின் 355ஆம் பிரிவு, 24 மணி நேரம் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும், இல்லையென்றால் சமூக சேவை. இந்த வழக்கின் முன்னால் அது ஒன்றுமே இல்லை. இதன் மறுபக்கம் எனக்குக் கோபம் தருவது. சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, குழந்தைக்கு மது, போதை மருந்து, புகையிலை கொடுப்பவருக்கு ஏழு வருடம் வரை என்கிறது. பசை என்ற வார்த்தை அதில் இல்லை. பதினாறு வயதுப் பையனுக்குத் தெரிந்தே ட்யூப் ட்யூபாக விற்றவரை அந்தப் பிரிவில் நிறுத்துவது பெரும்பாடு. இங்கிலாந்து 1985லேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டது.

இனி மார்க் ஷீட். உங்கள் கணக்குப்படி பார்த்தால் சம்பவத்தன்று அவனுக்கு 17 வயது 9 மாதம். அப்படியானால் அவன் சட்டப்படி குழந்தை. சிறையிலேயே இருக்கக் கூடாது. வயதைத் தீர்மானிக்க சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றும், தேர்வு வாரியம் தரும் பத்தாம் வகுப்புச் சான்றும் முதலில். அவை இல்லாதபோதுதான் நகராட்சி, ஊராட்சிப் பிறப்புச் சான்று. அதுவும் இல்லாவிட்டால் எலும்புப் பரிசோதனை. ஆதார் இந்த வரிசையிலேயே இல்லை. ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரமல்ல என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பள்ளி மாற்றுச் சான்றிதழை நம்பாதீர்கள். அது போதாது என்று 2023இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. வேண்டியது வாரியம் கொடுத்த அந்த மார்க் ஷீட்.

சிறார் என்று முடிவானால் வழக்கு சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும். பதினாறு தாண்டியவர்களைப் பெரியவர்களைப்போல விசாரிக்கலாமே என்று யாராவது பயமுறுத்துவார்கள். அது கொடுங்குற்றங்களுக்கு மட்டும், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடமோ அதற்கு மேலோ உள்ளவற்றுக்கு. கொலை முயற்சிக்குக் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது. அதனால் அது கொடுங்குற்றத்தில் சேராது என்பது 2020இல் ஷில்பா மித்தல் வழக்கில் தெளிவாகிவிட்டது. அதிகபட்சம் மூன்று வருடம் சிறப்பு இல்லம். ஜாமீன்தான் பொது விதி, மறுப்பதற்குத்தான் காரணம் வேண்டும். போதை மீட்புச் சிகிச்சைக்கு அனுப்பக் குழுமத்துக்கு அதிகாரமும் உண்டு. நீங்கள் கேட்ட போதைக்கு ஒரு சட்டம் உருப்படியாகப் பதில் சொல்லும் இடம் இதுதான்.

அந்தத் தேதி உண்மையானதா என்று நீங்களே முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது யாராவது வயதைக் கூட்டிக் குறைத்துக் கொடுத்திருந்தால், வக்கீலிடம் மறைக்க வேண்டாம். எதிர்த்தரப்பு ஆஸ்பத்திரிப் பிறப்புப் பதிவைத் தோண்டி எடுக்கும்.

காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100க்குக் கூப்பிடுங்கள். குத்துப்பட்ட பையன் வீட்டுக்கு நீங்களோ சொந்தக்காரர்களோ சமாதானம் பேசப் போக வேண்டாம். இந்தக் குற்றத்தை நாமாக ராஜி செய்துகொள்ள முடியாது, சாட்சியைக் கலைத்தார்கள் என்று ஜாமீனும் போய்விடும். அவன் சிகிச்சைக்கு உதவ நினைத்தால் வக்கீல் மூலம் கோர்ட்டில் சொல்லிச் செய்யுங்கள். தம்பி வெளியே வந்ததும் 14446 என்ற மத்திய அரசின் போதை மீட்பு எண்ணில் பேசி மையத்துக்குக் கூட்டிப்போங்கள். மறுபடி எங்காவது இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். இழுத்த நிலையில் திடுக்கிட்டு ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே உயிர் போகக்கூடும். நல்ல காற்றில் உட்கார வைத்து, அமைதியாகப் பேசி, பக்கத்திலேயே இருங்கள்.

சிறார் என்ற கோரிக்கையை எந்தக் கோர்ட்டிலும், எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் அவன் பெரியவர்களோடு சிறையில் இருக்கிறான். அந்த மார்க் ஷீட்டின் அசலை இன்றே தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் நாளைக் காலை பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து மறுபிரதிக்கு எழுதிக் கொடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிவிடாமல், அப்படியே வக்கீல் கையில் கொடுங்கள்.